தொட்டுப் பார்த்தே சொல்லிடுவீங்களோ?

முதல்லயே சொல்லிடறேன். இது கொஞ்சம் கோபத்துல எழுதறது. "ஒரு நாய்க்கு இவ்வளவு அலப்பறையா?" என்று கேட்கிறவங்க இத்தோட எழுந்து போயிடலாம், வருத்தப்பட மாட்டேன். மத்தவங்க உட்காருங்க. கொஞ்சம் நீளமாப் போகும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில புருனோவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். ஏழு வயசு லாப்ரடார். எடை 38 கிலோ (இருக்க வேண்டியது 32. அந்தக் கதை கடைசியில்). சோப்பு நுரையோட வலது பக்க விலாவுல கை வழுக்கிக்கிட்டுப் போகும்போது, முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னாடி விரல்ல என்னமோ தட்டுப்பட்டது. உண்ணியா இருக்கும்னு முடியை விலக்கிப் பார்த்தேன். உண்ணி இல்லை. தோலுக்கு அடியில, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு, அழுத்தினா நழுவிப் போற மாதிரி ஒரு கட்டி. புருனோவுக்கு வலியே இல்லை. நான் அழுத்தறதை விளையாட்டுன்னு நினைச்சு என் மூஞ்சியை நக்கிட்டு, ஈரத்தை என் மேலேயே உதறிட்டுப் போயிட்டான்.

நேத்து வரைக்கும் இல்லாத கட்டி. இல்லை, தப்பு. நேத்து வரைக்கும் நான் பார்க்காத கட்டி. தினமும் தடவிக் கொடுக்கிற நாய்தான். ஆனா தடவறது வேற, தேடறது வேற என்று அன்னிக்குத்தான் உறைத்தது.

அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்த தீர்ப்புகள்:

1. பக்கத்து வீட்டு அண்ணாச்சி: "இது கொழுப்புக் கட்டில்லா! எனக்கே முதுகுல ரெண்டு கெடக்கு. முப்பது வருசமாச்சு. செத்தா போயிட்டேன்?"

2. பால்காரர்: "மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் பத்து போடுங்க சார். மூணே நாளுல உடைஞ்சிரும்."

3. எதிர்வீட்டு ஆச்சி: "குதிரவால் முடியக் கொண்டாந்து இறுக்கிக் கட்டுப்பா. தன்னால விழுந்துரும்."

4. மச்சான், போன்ல: "அத்தான், சும்மா நோண்டிக்கிட்டே இருக்காதீங்க. நோண்டினாத்தான் கேன்சரா மாறும்."

5. என் அம்மா: "வயசாச்சுல்லா... விடு."

அஞ்சு பேர். ரெண்டு பேர் தொட்டுப் பார்த்தாங்க, ரெண்டு பேர் தூரத்துல நின்னு பார்த்தாங்க, ஒருத்தர் பார்க்கவே இல்லை. ஆனா ஒருத்தர் வாயில இருந்துகூட "தெரியலப்பா" என்ற வார்த்தை வரலை. கவனிச்சீங்களா? இந்த விஷயத்துல உண்மையான ஒரே பதில் அதுதான். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. டாக்டருக்கே விரலை மட்டும் வச்சுப் பார்த்தா தெரியாது.

அதுக்குத்தான் வரேன்.

மறுநாள் டவுன்ல ஒரு நாய் டாக்டரிடம் கூட்டிட்டுப் போனேன். பேர் வேண்டாம். அவர் ஒருத்தரோட குறை இல்லை இது. ஒண்ணரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் கட்டியை ரெண்டு விரலால பிடிச்சு, ஒரு தடவை அழுத்தி, ஒரு தடவை நகர்த்தி, பத்து செகண்டுல சொல்லிட்டார்.

"லைபோமா. வெறும் கொழுப்பு. விட்ருங்க."

"சார், ஊசி வச்சு எடுத்துப் பார்த்துடலாமா?"

"எதுக்கு? பார்த்தாலே தெரியுதே. இருபது வருஷமா பார்க்கிறேன்."

"இல்ல சார், ஒரு தடவை ஸ்லைடுல..."

"நெட்டுல படிச்சுட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார். வேணும்னா ஒரு ஸ்டீராய்டு ஊசி போடறேன், வத்துதான்னு பார்ப்போம் என்றார். வேண்டாம் சார் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் வீட்டம்மா கேட்டாங்க. "டாக்டரே சொல்லிட்டார். உங்களுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?"

ஏன்னா எனக்கு ராணியைத் தெரியும்.

ராணி எங்க வீட்டுல முன்னாடி இருந்த நாய். நாட்டு நாய், செவலை. தெருவுல இருந்து தானா வந்து வாசல்ல படுத்து, ஒரு மாசத்துல வீட்டுக்குள்ள வந்து, ஒரு வருஷத்துல வீட்டையே எடுத்துக்கிட்டவ. கருத்தடை பண்ணலை. "பாவம், பொட்டைப் பிள்ள, அது எதுக்கு" என்று அம்மா சொன்னாங்க, நானும் தலையாட்டினேன். 2012-ல அவளுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது கடைசி முலைக்காம்புக்குப் பக்கத்துல பட்டாணி மாதிரி ஒண்ணு இருந்தது. அப்பவும் ஒருத்தர் அழுத்திப் பார்த்தார். அவர் டாக்டர்கூட இல்லை, மருந்து குடுக்கிறவர். "பால் கட்டியிருக்கு, சரியாயிடும்" என்றார். எங்களுக்கும் அதைக் கேட்கத்தான் ஆசையா இருந்தது. நம்பினோம்.

பட்டாணி திராட்சை ஆச்சு. திராட்சை எலுமிச்சை ஆச்சு. பக்கத்துலயே இன்னொண்ணு வந்தது. எலுமிச்சை அளவு வந்தப்புறம் பயம் வந்து டாக்டர்கிட்ட போனோம். "வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்காது, பார்க்கலாம்" என்றார். பார்த்தோம். நல்லாப் பார்த்தோம். 2013 கடைசியில அது உடைஞ்சு புண்ணாகி, ஈ மொய்ச்சு, புழு வச்சு... தினமும் டர்பன்டைன் விட்டு இடுக்கியால புழு எடுக்கிறது என் வேலை. அவ கடிக்கவே இல்லை. ஒரு தடவைகூட. 2014 பொங்கல் கழிச்சு மூச்சு விட முடியாம நின்னுக்கிட்டே தூங்க ஆரம்பிச்சா. படுத்தா மூச்சு முட்டும். நுரையீரலுக்குப் போயிருச்சு என்று எக்ஸ்ரேயில சொன்னாங்க. பத்து நாள்.

ராணியைக் கொன்னது கேன்சர் என்று எல்லோரும் சொல்றாங்க. நான் சொல்றேன், அவளைக் கொன்னது "பார்க்கலாம்" என்ற ஒரு வார்த்தை. பட்டாணியா இருக்கும்போது வெட்டி எடுத்திருந்தா கட்டாயம் பிழைச்சிருப்பாளா? சத்தியம் பண்ண முடியாது. ஆனா பொட்டை நாய்க்கு மார்புல வர்ற கட்டிகள்ல சுமார் பாதிதான் கெட்டது. அந்தக் கெட்டதுலயும் சின்னதா இருக்கும்போதே எடுத்துட்டா நிறைய நாய்கள் பிழைக்குது. அவளுக்கு அந்த வாய்ப்பையே நாங்க குடுக்கலை. அதுதான் என் வருத்தம்.

சரி, அழுகாச்சியை விடுவோம். விஷயத்துக்கு வருவோம்.

நாய்க்குத் தோல்ல கட்டி வர்றது ரொம்ப சாதாரணம். கொழுப்புக் கட்டி இருக்கு. எண்ணெய்ச் சுரப்பி அடைச்சு வர்ற நீர்க்கட்டி இருக்கு. சீழ்க்கட்டி இருக்கு. மரு இருக்கு. குட்டி நாய்களுக்குச் செவசெவன்னு பொத்தான் மாதிரி ஒண்ணு வந்து ரெண்டு மூணு மாசத்துல தானாவே மறைஞ்சு போறது இருக்கு (ஹிஸ்டியோசைட்டோமா என்று பேர்). பெரும்பாலானது உயிருக்கு ஆபத்தில்லாததுதான். அண்ணாச்சி சொன்னதுல பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்து.

ஏன்னா இந்தக் கூட்டத்துக்குள்ளயே மாஸ்ட் செல் கட்டி என்று ஒருத்தன் இருக்கான். நாய்த்தோலில் வர்ற கெட்ட கட்டிகள்ல இவன்தான் முதலிடம். மாஸ்ட் செல் என்பது உடம்புல சாதாரணமா இருக்கிற ஒரு செல்தான். உள்ள ஹிஸ்டமின் மாதிரி சரக்கை மூட்டை மூட்டையா வச்சிருக்கும். நமக்குக் கொசு கடிச்சா தடிக்குதே, அரிக்குதே, அந்தச் சரக்கு. அந்தச் செல்லே கட்டியா வளர்ந்தா என்ன ஆகும்? பல வேஷம் போடும். ஒரு நாய்க்குச் சிவப்பா, முடி கொட்டி, புண் மாதிரி இருக்கும். இன்னொரு நாய்க்கு மரு மாதிரி இருக்கும். இன்னொண்ணுக்குத் தோலுக்கு அடியில மெத்துன்னு, நழுவற மாதிரி, அப்படியே அசல் கொழுப்புக் கட்டி மாதிரியே இருக்கும். புரியுதா? அசல் கொழுப்புக் கட்டி மாதிரியே!

இதுல இன்னொரு வில்லத்தனம். இந்தக் கட்டி சில சமயம் வீங்கும், சில சமயம் வத்தும். உள்ள இருக்கிற சரக்கு வெளிய கொட்டினா வீக்கம், அடங்கினா குறையும். "நேத்து பெருசா இருந்துச்சு, இன்னைக்குக் குறைஞ்சிருச்சு, அப்போ நல்ல கட்டிதான்" என்று நாம சந்தோஷப்படுவோம். பத்து போட்டவர் "பாத்தியா என் மஞ்சள் சுண்ணாம்பு" என்பார். ஸ்டீராய்டு போட்டாலும் இது தற்காலிகமாச் சுருங்கும். ஊசி போட்டவர் "பாத்தியா என் ஊசி" என்பார். கட்டி யாருக்கும் பதில் சொல்லாது. அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். அதனாலதான் என்னன்னு தெரியாத கட்டிக்கு ஸ்டீராய்டு போடக்கூடாது. வியாதியை மூடி மறைச்சுட்டு, பின்னாடி சோதனை பண்ணும்போது குழப்பம்தான் மிஞ்சும்.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், பாக்ஸர் இதுங்களுக்கெல்லாம் மாஸ்ட் செல் கட்டி அதிகமா வரும். அதே லாப்ரடாருக்குத்தான் கொழுப்புக் கட்டியும் அதிகமா வரும். ரெண்டும் ஒரே நாய்க்கு, ஒரே நேரத்துல, பக்கத்துப் பக்கத்துல கூட வரலாம். இப்போ சொல்லுங்க, பத்து செகண்ட், ரெண்டு விரல், இருபது வருஷ அனுபவம். போதுமா?

போதாது. அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனா எவ்வளவு அனுபவம் இருந்தாலும் விரல் நுனியில மைக்ராஸ்கோப் முளைக்காது.

மூணு நாள் கழிச்சு இன்னொரு டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பொண்ணு. கட்டியைத் தொட்டுப் பார்த்துட்டு அவங்க சொன்ன முதல் வார்த்தை: "கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கு. ஆனா மாதிரின்னா மாதிரிதான். எடுத்துப் பார்த்துடலாம் சார்." எனக்கு அங்கேயே பாதி பாரம் இறங்கிடுச்சு.

என்ன பெரிய ஆபரேஷன்னு நினைக்கிறீங்களா? மயக்க மருந்து கிடையாது. தையல் கிடையாது. தடுப்பூசி போடற மாதிரி சாதாரண ஊசி, 22 நம்பர். ஸ்பிரிட் தடவி, ஒரு கையால கட்டியைப் பிடிச்சுக்கிட்டு, ஊசியை உள்ள விட்டு ரெண்டு மூணு திசையில முன்னும் பின்னும் அசைச்சு எடுத்தாங்க. நான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன், வீட்டம்மா பிஸ்கெட் காட்டினாங்க. புருனோ பிஸ்கெட்டைத் தவிர வேற எதையும் கவனிக்கலை. ஊசியில ஒட்டியிருந்ததைக் கண்ணாடித் தகட்டுல பீய்ச்சி, இன்னொரு தகட்டை வச்சுத் தேய்ச்சாங்க. தோசைக்கல்லுல எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு இருந்தது, காயவே இல்லை.

"எண்ணெயா இருக்கே, அப்போ கொழுப்புதானே மேடம்?" என்றேன்.

"அப்படித்தான் தோணும். ஆனா கெட்ட கட்டியைச் சுத்தியும் கொழுப்பு இருக்கும். ஊசி அந்தக் கொழுப்பை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கலாம். இன்னும் ரெண்டு இடத்துல எடுத்துடறேன்."

எடுத்தாங்க. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்க. என்னையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. பெரிய பெரிய, உள்ள ஒண்ணுமே இல்லாத குமிழி மாதிரி செல்கள். மாஸ்ட் செல்லா இருந்தா உள்ள நாவல்பழக் கலர்ல பொடிப்பொடியாப் புள்ளி தெரியுமாம். ஒண்ணுகூட இல்லை.

கொழுப்புக் கட்டிதான். மொத்தம் இருபத்தஞ்சு நிமிஷம். எனக்கு ஆன செலவு 700 ரூபாய்.

இங்கதான் எனக்குக் கோபம் வந்த கட்டம். வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா?

"நான்தான் அன்னிக்கே சொன்னேம்லா! எழுநூறு ரூவாயத் தண்டமாக் கொண்டு கொட்டிட்டு வந்திருக்கீரு."

மச்சானும் சிரிச்சான். அம்மாவும் சிரிச்சாங்க. முதல் டாக்டர் கேட்டிருந்தா அவரும் சிரிச்சிருப்பார்.

அண்ணாச்சி, நீங்க சொன்னது பலிச்சது. ஒத்துக்கறேன். ஆனா நீங்க சொன்னது தெரிஞ்சு சொன்னது இல்லை. கண்ணை மூடிக்கிட்டு பைபாஸ் ரோட்டைக் கடந்தவன் மறுபக்கம் போய்ச் சேர்ந்துட்டா, ரோடு கடக்கக் கண்ணு தேவையில்லைன்னு அர்த்தமா? ராணிக்குச் சொன்னதும் இதே மாதிரி வாக்குதான். இதே தைரியம், இதே குரல், இதே "ஒண்ணும் ஆகாது". அன்னிக்குப் பலிக்கலை. அதைச் சொன்னவர் யாரும் புழு எடுக்க வரலை.

பத்துக்கு எட்டு தடவை பலிக்கிற ஜோசியம் பொல்லாத ஜோசியம். பலிக்காத அந்த ரெண்டு தடவையில நாய் செத்துப்போகும், சொன்னவருக்கு அந்த எட்டுதான் ஞாபகம் இருக்கும்.

இனி வழக்கமா வர்ற கேள்விகள்.

"ஊசி குத்தினா கேன்சர் பரவாதா?"

மச்சானுக்கும் இதே பதில். குத்தறதால நல்ல கட்டி கேன்சரா மாறாது. தோல் கட்டியில இப்படிச் செல் எடுக்கறதால பரவறது ரொம்ப ரொம்ப அபூர்வம். மாஸ்ட் செல் கட்டியா இருந்தா குத்தின இடம் கொஞ்சம் வீங்கும், சிவக்கும், அதுக்கு டாக்டர் மருந்து தருவார். உள்ளுறுப்புல வர்ற சில கேன்சர்களுக்கு ஊசி வைக்க யோசிப்பாங்க, அது வேற விஷயம். பயப்பட வேண்டியது குத்தறதுக்கு இல்லை, பிதுக்கறதுக்கு. பிதுக்காதீங்க, கசக்காதீங்க, நூல் கட்டாதீங்க, சுண்ணாம்பு வைக்காதீங்க. சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும், நாய் அதை நக்கி வாயும் வெந்து போகும்.

"எப்படியும் வெட்டித்தானே எடுக்கணும்? நேரா ஆபரேஷனே பண்ணிட்டா?"

முதல்ல, எல்லாக் கட்டியையும் வெட்ட வேண்டியதில்லை. புருனோவோடதை வெட்டப் போறதில்லை. ரெண்டாவது, இதுதான் முக்கியம்: என்னன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு வெட்டணும்னு தெரியும். கொழுப்புக் கட்டின்னா ஓரமாக் கீறி உருவி எடுத்துடலாம். மாஸ்ட் செல்னா கட்டியைச் சுத்தி ரெண்டு மூணு சென்டிமீட்டர் நல்ல தோலையும், அடியில ஒரு அடுக்கையும் சேர்த்து எடுப்பாங்க. கொழுப்புன்னு நினைச்சு மாஸ்ட் செல்லைச் சின்னதா வெட்டினா, வேரு உள்ளேயே தங்கிடும். மறுபடி ஆபரேஷன், மறுபடி மயக்க மருந்து, மறுபடி செலவு.

"மார்புக் கட்டிக்கும் இதே ஊசி போதுமா?"

போதாது. ஊசியில வர்ற கொஞ்சம் செல்லை வச்சு மார்புக் கட்டி நல்லதா கெட்டதான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். அதைச் சீக்கிரம் எடுத்துட்டு, எடுத்ததை முழுசா பயாப்சிக்கு அனுப்பணும். எந்தக் கட்டியை வெட்டினாலும் இதைக் கேளுங்க: "சார், கட்டியை ஃபார்மலின் பாட்டில்ல போட்டு லேபுக்கு அனுப்பறீங்களா?" நம்ம ஊர்ல பல கட்டிகள் வெட்டினதும் நேரா பக்கெட்டுக்குப் போகுது. காசு குடுத்து வாங்கின பதிலைக் குப்பையில போடற மாதிரி.

"கேன்சர்னு தெரிஞ்சா மட்டும் என்ன பண்ணப் போறோம்? நாய்க்கு வைத்தியமா இருக்கு?"

இருக்குங்க. தெரு நாய்கள்ல பரவற பால்வினைக் கட்டி ஒண்ணு உண்டு, டிவிடி என்று சொல்வாங்க. பிறப்புறுப்புல ரத்தம் கசியறதைப் பார்த்து நாம முகம் சுளிச்சுக் கல்லெறிவோம். அது ஒரு வகைக் கேன்சர்தான். வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒண்ணுன்னு சில வாரம் ஏத்தினா பெரும்பாலான நாய்களுக்கு முழுசா குணமாயிடும். மாஸ்ட் செல் கட்டியில லேசான வகைன்னா ஒழுங்கா ஒரு ஆபரேஷனோட பல நாய்களுக்குக் கதை முடிஞ்சிடும், நாயோட கதை இல்லை, கட்டியோட கதை :-) அமெரிக்காவுல 2009-ல நாய்களோட மாஸ்ட் செல் கட்டிக்குன்னே ஒரு மாத்திரைக்கு அனுமதி குடுத்தாங்க. 2020-ல, ஆஸ்திரேலிய மழைக்காட்டு மரத்தோட விதையில இருந்து எடுத்து, கட்டிக்குள்ளேயே செலுத்துற மருந்துக்கும் அனுமதி குடுத்தாங்க. உலகம் அங்க இருக்கு. நாம குதிரைவால் முடி தேடிக்கிட்டு இருக்கோம்.

"எல்லா டாக்டரும் இப்படித்தானா? டாக்டர்களைத் திட்டறியா?"

இல்லை. மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு நாள் காலையில போய்ப் பாருங்க. மாடு, ஆடு, கோழி, நடுவுல நாய். மூச்சு விட நேரமில்லை. தனியார் டாக்டர் ஊசி டெஸ்ட்டுன்னு சொன்னா "காசு பிடுங்கப் பார்க்கிறான்" என்று வெளிய வந்து பேசறதும் நாமதான். அவங்க கேட்காம விடறதுக்கு நாமளும் காரணம். அதனால நாம கேட்கணும். உங்க டாக்டர்கிட்ட மைக்ராஸ்கோப் இல்லைன்னா ஸ்லைடை எடுத்துக் குடுங்க, லேபுல பார்த்துக்கறேன்னு சொல்லுங்க. இல்லேன்னா கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கு. சென்னை வேப்பேரியில 1903-ல ஆரம்பிச்ச கல்லூரி இருக்கு, நாமக்கல், ஒரத்தநாடு, நம்ம நெல்லை ராமையன்பட்டி எல்லாம் இருக்கு. ஒரு நாள் லீவு போட்டாப் போதும்.

"அப்போ ஒவ்வொரு கொப்புளத்துக்கும் ஓடணுமா?"

வேண்டாம். நாய்க் கேன்சர் மருத்துவரான சூ எட்டிங்கர் என்ற அமெரிக்க அம்மா ஒரு கணக்கு சொல்லிப் பரப்பிக்கிட்டு வர்றாங்க: ஒரு சென்டிமீட்டர், அதாவது ஒரு பட்டாணி அளவு இருந்து, ஒரு மாசமா அங்கேயே இருந்தா, ஊசி வச்சுப் பார்த்துடணும். எளிமையான கணக்கு. நான் இதோட ஒண்ணு சேர்க்கிறேன்: வேகமா வளர்ந்தாலோ, புண்ணானாலோ, சிவந்து அரிச்சாலோ, வீங்கி வத்தினாலோ ஒரு மாசமெல்லாம் காத்திருக்காதீங்க.

இனி நான் வீட்டுல ஆரம்பிச்சிருக்கிற வேலை. நீங்களும் செய்யலாம், பத்து பைசா செலவில்லை.

மாசம் முதல் ஞாயிறு, மூக்குல இருந்து வால் வரைக்கும் ரெண்டு கையாலயும் தேடறேன். தாடைக்கு அடியில, தோள்பட்டைக்கு முன்னாடி, பின்னங்கால் முட்டிக்குப் பின்னாடி, இந்த இடங்கள்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உருண்டை தட்டுப்பட்டா அது தோல் கட்டி இல்லை, நெறி கட்டியிருக்கு. உண்ணிக் காய்ச்சலாவும் இருக்கலாம், ரத்தப் புற்று வகையாவும் இருக்கலாம். அன்னிக்கே டாக்டர். விரல் இடுக்கு, காது, வாய் எல்லாம் பார்க்கணும். பொட்டை நாயா இருந்தா ஒவ்வொரு முலைக்காம்பா. (ஆண் நாய்க்கும் முலைக்காம்பு உண்டு சாமிகளா! உண்ணின்னு நினைச்சுப் பிடுங்கிடாதீங்க. என் மச்சான் முயற்சி பண்ணினான். புருனோ நல்ல நாய், அதனால மச்சானுக்கு இன்னும் அஞ்சு விரல் இருக்கு.)

கட்டி கிடைச்சா ஸ்கேலை வச்சு அளந்து, தேதி போட்டு, போட்டோ எடுத்து வைக்கணும். "கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு" என்பதெல்லாம் பேச்சு இல்லை. 14 மில்லிமீட்டர், 19 மில்லிமீட்டர், அதுதான் பேச்சு. ராணிக்கு நான் திராட்சை, எலுமிச்சைன்னு பழக்கடை நடத்திக்கிட்டு இருந்தேன்.

ராணியை நினைச்சு இன்னொண்ணு. பொட்டை நாய்க்கு எப்போ கருத்தடை பண்ணலாம்னு சீக்கிரமே டாக்டர்கிட்ட பேசிடுங்க. முதல் பருவத்துக்கு முன்னாடி பண்ணினா மார்புக் கட்டி ரொம்பவே குறையும்னு 1969-ல இருந்தே ஆய்வு இருக்கு. அந்த ஆதாரம் நாம நினைச்ச அளவு பலமில்லைன்னு 2012-ல ஒரு மறு ஆய்வு சொன்னதும் உண்மை. பெரிய ஜாதி நாய்க்கு மூட்டுப் பிரச்சனையும் யோசிக்கணும். யோசிச்சு முடிவெடுங்க. "பாவம், அது எதுக்கு" என்பது யோசனை இல்லை.

புருனோ இதை எழுதும்போது என் காலடியில குறட்டை விட்டுக்கிட்டு இருக்கான். கட்டி அங்கேயேதான் இருக்கு. நேத்து அளந்தேன், 22 மில்லிமீட்டர், மாத்தமில்லை. வளர்ந்தா மறுபடி ஊசி வைப்பேன். புதுசா ஒண்ணு வந்தா அதுக்கும் தனியா வைப்பேன், ஏன்னா பழைய கட்டியோட ரிசல்ட் புது கட்டிக்குச் செல்லாது. எடை குறைக்க ராத்திரிச் சோத்துல கையை வச்சாச்சு. அண்ணாச்சி காம்பவுண்டுச் சுவர் வழியா முறுக்கு போடறதை நிறுத்தினா 32-க்கு வந்துடுவான்.

700 ரூபாய் தண்டம் இல்லை அண்ணாச்சி. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கினேன். 2012-ல இருந்து 2014 வரைக்கும் தூங்காத தூக்கம் அது.

போய் உங்க நாயைத் தடவுங்க. இல்லை, தேடுங்க.

டிஸ்கி: நான் மருத்துவன் இல்லை. ரெண்டு நாய் வளர்த்தவன், அதுல ஒண்ணைக் கோட்டை விட்டவன். அந்தத் தகுதியில எழுதினது. மருந்து விஷயமெல்லாம் உங்க டாக்டரைக் கேளுங்க. கேட்கும்போது, "ஊசி வச்சுப் பார்த்துடலாமா?" என்பதையும் சேர்த்துக் கேளுங்க.